‘அஞ்சுன்னு போட்டுக்குங்க’: கருத்துக்கணிப்பு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்களுக்கும், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும், முடிவுகளைத் தலைப்பாக்கி வெளியிடும் ஆசிரியர் குழுக்களுக்கும்,

அடுத்த சுற்று வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துவிட்டீர்கள். ‘இடதுசாரி, வலதுசாரி என்று கேட்டதும் உங்கள் மனதில் வருவது என்ன?’ என்ற கேள்வி. கட்டங்கள் கிடையாது, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நேரம் பிடிக்கிறது, சொன்னவற்றை வகைபிரித்துக் குறியீடு போடச் செலவாகிறது, பதில்கள் ‘சுத்தமாக’ இல்லை என்று காரணம் சொன்னீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் கேள்வியை, அதாவது ‘0 என்றால் இடது, 10 என்றால் வலது, நீங்கள் எங்கே?’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். நாளை ‘வலதுசாரிகள் இத்தனை சதவீதம்’ என்று வரப்போகும் தலைப்புக்கு ஆதாரம் இந்த ஒற்றை எண்தான்.

இதை எழுதும் நாங்கள் அந்த வினாத்தாளை மொழிபெயர்ப்பவர்கள், வீட்டு வாசல்களுக்கு எடுத்துப் போகிறவர்கள், வந்த பதில்களுக்குக் குறியீடு போடுகிறவர்கள். எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே கேள்வியைத்தான் வெட்டியிருக்கிறீர்கள். இதைச் சும்மா விட்டுவிட எங்களால் முடியவில்லை.

ஓர் ஐந்து எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். எண்கள் அச்சிட்ட அட்டையை நீட்டுகிறோம். பதில் சொல்பவர் அட்டையை ஒரு தடவை பார்ப்பார், எங்களை ஒரு தடவை பார்ப்பார். பிறகு, ‘நடுவுல அஞ்சுன்னு போட்டுக்குங்க’ என்பார். மொத்தம் ஏழெட்டு விநாடி. டேப்லட்டில் 5ஐத் தொட்டதும் அடுத்த கேள்வி வந்துவிடும். உங்கள் அட்டவணையில் அந்த ஆள் அன்று முதல் ‘மையவாதி’.

துருவிக் கேட்டால் அந்த ஐந்துக்குள் பல வகை ஆட்கள் ஒளிந்திருப்பார்கள். இந்தச் சொற்களுக்குப் பொருளே தெரியாமல், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டவர் ஒருவர். பொருளும் தெரியும், தன் இடமும் தெரியும், முன்பின் தெரியாதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் இன்னொருவர். வரியை உயர்த்தி, மருத்துவத்தை முழுக்க அரசே நடத்த வேண்டும் என்று ஒரு கடைசியிலும், குற்றவாளிக்குத் தூக்குதான் தண்டனை என்று மறு கடைசியிலும் நின்று, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சொன்னவர் வேறொருவர். இவருடைய கருத்து எதுவுமே நடுவில் இல்லை, சராசரி மட்டும்தான் நடுவில் இருக்கிறது. உண்மையிலேயே எல்லா விஷயத்திலும் மிதமாக யோசிப்பவரும் உண்டு, ஆனால் அவர் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். பிரிட்டனில் 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்ற நடுப்பதிலைத் தேர்ந்தவர்களிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தது. பெரும்பாலோருக்கு அது ‘தெரியாது’ என்பதைக் கௌரவமாகச் சொல்லும் வழியாக இருந்தது.

தமிழில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சில வினாத்தாள்களில் நடுப்புள்ளிக்கு ‘நடுநிலை’ என்று போடுகிறீர்கள். தமிழில் நடுநிலை என்பது ஒரு குணம். குறளில் ‘நடுவு நிலைமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ‘நீங்கள் நடுநிலையானவரா?’ என்று கேட்டால், ‘நீங்கள் நேர்மையானவரா?’ என்று கேட்ட மாதிரிதான் காதில் விழும். இல்லை என்று யார் சொல்வார்? ‘மையம்’ என்று போட்டால் இந்த இழுப்பு குறைகிறது. மூலப்படியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் உங்கள் அலுவலகத்தில் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

அளவுகோலிலும் ஒரு பழைய கோளாறு. உலக மதிப்பீடுகள் ஆய்வு 1 முதல் 10 வரை கேட்கிறது. ஐரோப்பியச் சமூக ஆய்வு 0 முதல் 10 வரை கேட்கிறது. ஓர் எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். 0 முதல் 10 வரை இருந்தால் 5 சரியாக நடு. 1 முதல் 10 வரை இருந்தால் நடு 5.5, அப்படி ஓர் எண் அட்டையில் இல்லை. நடுவில் நிற்க நினைப்பவர் பழக்கத்தில் 5 என்றுதான் சொல்வார். நீங்கள் 1 முதல் 5 வரை இடது, 6 முதல் 10 வரை வலது என்று வெட்டினால் நடுவில் நின்ற அத்தனை பேரும் இடப்பக்கம் போய் விழுகிறார்கள். போதாக்குறைக்கு, பள்ளிக்கூட மதிப்பெண் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 10 என்பது முழு மார்க், 0 என்பது முட்டை. தன்னை முட்டை என்று சொல்லிக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

இதெல்லாம் அட்டையை மாற்றினால் தீரும். சொல்லிலேயே இருக்கும் கோளாறு அப்படித் தீராது.

இடது, வலது என்ற பிரிவு நாற்காலி வரிசையில் பிறந்தது. 1789 கோடையில் பிரெஞ்சுத் தேசிய அவையில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு வேண்டுமா என்ற விவாதம் சூடாக நடந்தபோது, அரசர் பக்கம் நின்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும் எதிர்த்தவர்கள் இடப்புறமும் திரண்டார்கள். அன்றைக்கு இடது என்பது அரசரின் அதிகாரத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். தொழிலாளர், பொதுத்துறை, சொத்துவரி எல்லாம் பின்னால் ஏறியவை. அந்தச் சொல் அவைக்குள்ளேயே வெகுகாலம் இருந்தது. சாதாரண வாக்காளர் ‘நான் இடது’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் பிரான்ஸிலேயே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் ஊன்றியது.

அதன்பிறகும் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. டென்மார்க்கில் ‘வென்ஸ்ட்ரே’ என்றொரு கட்சி 1870 முதல் இருக்கிறது. வென்ஸ்ட்ரே என்றால் அவர்கள் மொழியில் இடது என்றே பொருள். பழமைவாதிகளின் ‘ஹோய்ரே’வுக்கு, அதாவது வலதுக்கு, எதிராக எழுந்த விவசாயிகளின் கட்சி அது. இன்று அது மையவலதுக் கட்சி, ஆனால் பெயர் மாறவில்லை. ‘நீங்கள் இடது பக்கமா?’ என்ற கேள்வியை அந்த மொழிக்கு யோசிக்காமல் கொண்டுபோனால், ஒரு மையவலதுக் கட்சியின் பெயரைச் சொல்லி ஆதரவு கேட்டதாகிவிடும். சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் தலைகீழ் இன்னும் முழுமையானது. 1990 வாக்கில் மாஸ்கோவில் சந்தைப் பொருளாதாரம் வேண்டும் என்று துடித்தவர்களை இடது என்றார்கள். கட்சியின் பழைய ஆட்சியைக் கட்டிக்காக்க நினைத்த கம்யூனிஸ்ட்டுகளை வலது என்றும் பழமைவாதிகள் என்றும் சொன்னார்கள். மாற்றம் வேண்டுபவர் இடது, இருப்பதைக் காப்பவர் வலது என்ற கணக்கில் பார்த்தால் அது சரி. பொருளாதாரக் கணக்கில் பார்த்தால் அதே ஆள் எல்லை தாண்டியதும் மறுபக்கம். உங்கள் அட்டையில் இரண்டு கணக்குக்கும் ஒரே கோடுதான் இருக்கிறது.

‘லிபரல்’ என்ற சொல்லின் பயணம் இன்னும் சிக்கல். அரசியல் பெயராக அது 1810களில் ஸ்பெயினின் காடிஸ் நகரில் கூடிய அவையில் வேரூன்றியது. 1812 அரசியல் சட்டத்தை ஆதரித்தவர்கள் லிபரல்கள், எதிர்த்தவர்களுக்கு அடிமைப் புத்திக்காரர்கள் என்று பொருள்படும் ஒரு பட்டம். பிரிட்டனில் அது தடையற்ற வணிகத்தின் கட்சிப் பெயரானது. அமெரிக்காவில் 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட் தன் அரசு நலத்திட்டங்களுக்கு அதே பெயரைச் சூட்டினார், அவருக்கு முந்தைய அதிபர் ஹூவரோ உண்மையான லிபரல் நான்தான் என்று கடைசிவரை வாதாடினார். அங்கே இன்று லிபரல் என்றால் இடப்பக்கம். ஆஸ்திரேலியாவில் 1944 இல் தொடங்கிய லிபரல் கட்சி வலப்பக்கம். ஜப்பானில் 1955 முதல் இருக்கும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் பழமைவாதக் கட்சிதான்.

இதைத் தமிழில் ‘தாராளவாதி’ என்கிறோம். மொழிபெயர்ப்பைச் சோதிக்க நீங்கள் கேட்பது மறுமொழிபெயர்ப்பு. ஒருவர் தமிழாக்குவார், இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டும் பொருந்தினால் முத்திரை விழும். ‘தாராளவாதி’ இந்தச் சோதனையில் முழு மார்க் வாங்கித் தேறிவிடும், ஏனென்றால் திரும்ப மொழிபெயர்ப்பவரும் அகராதி தெரிந்தவர். கேள்வியைக் காதால் கேட்பவருக்கு அந்த அகராதி கிடையாது. தாராளம் என்றால் கை தாராளம், மனசு தாராளம். ‘தாராளவாதியா?’ என்றால் கொடுக்கிற குணமுள்ளவர் என்று எடுத்துக்கொண்டு ஆமாம் என்பார். செய்தி படிக்கிறவராக இருந்தால் ‘தாராளமயமாக்கல்’ நினைவுக்கு வரும். அது அரசு பின்வாங்கித் தனியாருக்கு வழிவிடும் கொள்கை. ஆக ஒரே வேர்ச்சொல் ஒருவரை நலத்திட்டப் பக்கமும் இன்னொருவரைத் தனியார்மயப் பக்கமும் தள்ளுகிறது. உங்கள் கட்டத்தில் இருவரும் ஒரே டிக்.

‘முற்போக்கு’, ‘பிற்போக்கு’ இரண்டையும் எதிரெதிர் முனைகளாகப் போட்ட வினாத்தாள்களும் வந்திருக்கின்றன. பிற்போக்கு என்பது எதிராளிக்கு மட்டும் வைக்கும் பெயர். தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள ஆளே இல்லாத ஒரு முனையை வைத்துவிட்டு, ‘நாடு முற்போக்காகிறது’ என்று முடிவு எழுதுவது வேடிக்கை.

காலத்தோடு ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘தீவிரவாதி’யை விட நல்ல சாட்சி தமிழில் இல்லை. 1907 சூரத் மாநாட்டில் காங்கிரஸ் உடைந்தபோது மிதவாதிகள் ஒரு பக்கம், தீவிரவாதிகள் ஒரு பக்கம் என்று வரலாற்றுப் பாடம் சொல்லும். திலகரோடு நின்ற வ.உ.சி.யும் பாரதியும் அந்தக் கணக்கில் தீவிரவாதிகள். அந்த அணிக்கு மிதவாதி என்பது ஏறக்குறைய வசவு. இன்று தீவிரவாதி என்றால் கையில் துப்பாக்கி, தலைக்கு விலை. மிதவாதி என்பது பாராட்டு. ஒரே சொல்லை வைத்து 1907 ஐயும் இன்றையும் ஒப்பிட்டு ‘தீவிரவாதம் குறைந்தது’ என்று வரைபடம் போட்டால் சிரிக்க மாட்டீர்களா? இருபது வருட ‘லிபரல்’ சதவீதத்தை ஒரே கோட்டில் இணைத்துப் போடுவதும் அந்த ஜாதிதான், தூரம்தான் கொஞ்சம் குறைவு.

எல்லாரும் ஒட்டிக்கொள்ள வேண்டிய சொல் ஒன்றும் உண்டு. இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவுப்படி, 1989 முதல், பதிவு கேட்கும் எந்தக் கட்சியும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிமுறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே காகிதத்தில் எல்லாக் கட்சியும் சோஷலிசக் கட்சி. எதிர்முனையில், சந்தைக்கே முதலிடம் தருபவரைக் குறிக்கும் ‘நியோலிபரல்’ இருக்கிறது. 1938 இல் பாரிஸில் கூடிய பொருளியலாளர்கள் சிலர் தங்களுக்கே வைத்துக்கொள்ள நினைத்த பெயர் அது. இன்று பெரும்பாலும் எதிர்ப்பவர் மட்டும்தான் பயன்படுத்துகிறார், தன்னை அப்படிச் சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு வகைச் சொற்களையும் கட்டத்தில் போட்டு எண்ணினால் கிடைப்பது ஒன்றில் நூறு, மற்றதில் பூஜ்யம்.

சொல் மாறுவது பாதிக் கதை. ஒட்டிய சொல் ஆளை மாற்றுவது மீதிப் பாதி. நீங்கள் உங்களை வெறும் அளவெடுப்பவர்களாக நினைத்துக்கொள்வதால் இந்தப் பாதியைக் கண்டுகொள்வதே இல்லை.

1903 இல் ரஷ்யச் சமூக ஜனநாயகக் கட்சி மாநாட்டில், உறுப்பினர் யார் என்ற முக்கியமான வாக்கெடுப்பில் லெனின் அணி தோற்றது. பிறகு சில பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தார்கள், பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கான வாக்கெடுப்பில் அதே அணி ஜெயித்தது. அந்த ஒரு வெற்றியை வைத்து ‘போல்ஷெவிக்’, பெரும்பான்மையினர், என்று பெயர் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ‘மென்ஷெவிக்’, சிறுபான்மையினர், என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்கள். பின்னால் இவர்களே எண்ணிக்கையில் மேலே இருந்த சமயங்களும் உண்டு. சிறுபான்மை என்று தன் பெயரிலேயே ஒப்புக்கொண்டு எதற்காக அரசியல் நடத்தினார்கள் என்பது எங்களுக்கு இன்னும் புரியாத ஒன்று. வசவைப் பிடுங்கிக் கொடியாக்கியவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் டோரி, விக் என்ற கட்சிப் பெயர்கள் இரண்டுமே 1680 வாக்கில் எதிராளி வைத்த திட்டுப்பெயர்கள். ‘சஃப்ரஜெட்’ என்பது 1906 இல் லண்டன் நாளேடு ஒன்று பெண் வாக்குரிமைப் போராளிகளைக் கிண்டலடிக்கக் கட்டிய சொல். 1912 இல் அவர்கள் அதையே தங்கள் பத்திரிகைக்குப் பெயராக வைத்தார்கள்.

பெயருக்கு வரலாறே இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் குழு 1971 இல் வெளியிட்ட சோதனையில் 14, 15 வயதுப் பையன்களை, ஓவியர் கிளீயைப் பிடித்தவர்கள், கான்டின்ஸ்கியைப் பிடித்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். உண்மையில் குலுக்கல் முறையில் பிரித்ததுதான். தன் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. பணம் பங்கிடச் சொன்னபோது தன் குழுக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, எதிர்க்குழுவோடு இருக்கும் வித்தியாசம் பெரிதாகும் என்றால் தன் குழுவுக்கு வரும் தொகை குறைவதையும் ஏற்கும் பக்கம் சாய்ந்தார்கள். ஐந்து நிமிடம் முன்பு ஒட்டிய பெயருக்கு இந்த விளைவு என்றால், ஒரு தலைமுறையாக ஒட்டியிருக்கும் பெயருக்கு?

2003 இல் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க மாணவர்களிடம் இரண்டு நலத்திட்டங்களைக் காட்டினார். ஒன்று தாராளமான உதவி, மற்றது கறாரான வெட்டு. இதை உங்கள் கட்சி ஆதரிக்கிறது என்ற ஒற்றை வரி சேர்ந்ததும் லிபரல் மாணவர்கள் கறாரான திட்டத்தையும், கன்சர்வேடிவ், அதாவது பழமைவாத, மாணவர்கள் தாராளமான திட்டத்தையும் ஆதரித்தார்கள். ஏன் என்று கேட்டால் திட்டத்தின் விவரத்தைப் படித்துத்தான் முடிவெடுத்தேன் என்றார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். உங்கள் வினாத்தாளில் அடையாளக் கேள்வி முதல் பக்கத்திலும் கொள்கைக் கேள்விகள் அடுத்த பக்கத்திலும் இருக்கின்றன. முதலில் பெயரை ஒட்டிவிட்டு, பிறகு பெயருக்குத் தக்க பதிலை வாங்கிக்கொண்டு, ‘அடையாளமும் கொள்கையும் நன்றாகப் பொருந்துகின்றன’ என்று அறிக்கை எழுதுகிறீர்கள்.

பொருந்தாத இடங்கள் ஏராளம். அமெரிக்காவில் லாய்டு ஃப்ரீ, ஹாட்லி கான்ட்ரில் என்ற கருத்துக்கணிப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1967 இலேயே காட்டினார்கள்: பெயர் கேட்டால் கன்சர்வேடிவ் பக்கம் சாய்கிறவர்களில் பலர், பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அரசு செலவழிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். அங்கேயே பொதுச் சமூக ஆய்வு பல ஆண்டுகளாக ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டு வருகிறது. ‘ஏழைகளுக்கு உதவி’ என்று கேட்டால், செலவு போதாது என்பவர்கள் வழக்கமாகப் பாதிக்கு மேல். ‘வெல்ஃபேர்’, அதாவது அரசு நல உதவி, என்று கேட்டால் கால்வாசிப் பக்கம் இறங்கிவிடுகிறது. ஒரு சொல் மாறியதற்கே இவ்வளவு.

தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் இதைச் சுழற்சி என்றார். மனிதர்களை வகைப்படுத்தினால், வகைப்பட்டவர்கள் அதைத் தெரிந்துகொண்டு அதன்படி நடக்கவோ மீறவோ தொடங்குகிறார்கள், அப்போது வகையே மாறுகிறது. பாறையை எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் பாறைக்குக் கவலையில்லை. அமெரிக்கத் தேர்தல் வரைபடம் இதற்குக் கண்ணெதிர் உதாரணம். 2000 வரை எந்தக் கட்சிக்கு எந்த நிறம் என்று தொலைக்காட்சிகளுக்குள் ஒப்பந்தம் இல்லை. 1980 இல் ஒரு தொலைக்காட்சி குடியரசுக் கட்சியின் ரீகன் வென்ற மாநிலங்களை நீலமாகக் காட்டியது. 2000 இல் முடிவு தெரியாமல் ஐந்து வாரம் அதே வரைபடம் திரையில் நின்றது, குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு என்று உறைந்தது. அதன்பிறகு ‘சிவப்பு மாநிலத்துக்காரன்’ என்பது ஓர் ஆளின் பேச்சு, உடை, வண்டி வரைக்கும் போய்விட்டது. உலகின் பெரும்பகுதியில் சிவப்பு இடதுசாரி நிறம். அந்த வரைபடத்தைப் போட்டவர்களுக்கு அடையாளம் உண்டாக்கும் எண்ணமெல்லாம் இருக்கவில்லை, அட்டவணைக்கு இரண்டு நிறம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நீங்களும் ‘நாங்கள் எண்ணிக்கைதான் கொடுக்கிறோம்’ என்கிறீர்கள்.

வெட்டிய கேள்வி இந்த எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது இருந்தால் குறைந்தபட்சம் தெரியும். ஜெர்மனியில் 2008 தேசிய ஆய்வில் இதே திறந்த கேள்வியைக் கேட்டார்கள். அந்தப் பதில்களை வைத்துப் பின்னால் செய்த பகுப்பாய்வு, இடது, வலது என்பதற்கு மக்கள் கொடுக்கும் பொருள் அவரவர் கல்விக்கும், அவரவர் நிற்கும் இடத்துக்கும் தக்கபடி மாறுவதைக் காட்டியது. அதாவது எண் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கவில்லை.

இனி செலவுக் கணக்கு. எல்லாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சமூகவியலாளர் ஹோவர்ட் ஷூமன் 1966 இல் முன்வைத்த ‘குலுக்கல் துருவல்’ முறை போதும்: மூடிய கேள்விகளில், அதாவது கட்டம் போட்ட கேள்விகளில், ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் விழுந்த சிலவற்றுக்கு மட்டும், ‘இப்படிச் சொன்னீர்களே, என்ன நினைத்துச் சொன்னீர்கள்?’ என்று கேட்பது. 1,200 பேர் சாம்பிளில் நான்கில் ஒருவர் என்றால் 300 பேர். தலைக்கு ஒரு நிமிடம், களத்தில் மொத்தம் 5 மணி நேரம். குறியீடு போட இருவர், மணிக்கு 60 பதில் என்று வைத்தால் ஆளுக்கு 5 மணி நேரம். மொத்தம் 15 மணி நேர வேலை. முன்னூறு பதிலுக்குப் பிழை எல்லை கூட்டல் கழித்தல் 5.7 புள்ளி வரும், உண்மைதான். முழுச் சாம்பிளுக்கு 2.8. துல்லியமாகத் தெரிந்த தப்பான எண்ணைவிட, கொஞ்சம் தள்ளாடும் சரியான தகவல் பயன்படும்.

பதில்கள் சுத்தமாக இல்லை என்பதற்கும் வழி இருக்கிறது. குறியீட்டில் ஏழெட்டு வகை போதும்: கொள்கை, மக்கள் பிரிவு, கட்சி அல்லது தலைவர், மாற்றம் அல்லது மரபு போன்ற மதிப்பு, வெறும் நல்லது கெட்டது, திசையைத் தலைகீழாகப் புரிந்தது, தெரியாது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குறியீடு போட வேண்டும். இருவர் குறியீடும் தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை, 1 என்றால் முழுப் பொருத்தம் என்று காட்டும் ‘கோஹன் கப்பா’ அளவு கொண்டு பாருங்கள் (மேலே சொன்ன கோஹன் வேறு, இவர் வேறு). 0.7க்குக் கீழே போனால் பதிலைக் குறை சொல்லாதீர்கள், குறியீட்டு விதியைத் திருத்துங்கள். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் தகராறு வருவது கட்சிப் பெயரும் கொள்கையும் ஒரே வாக்கியத்தில் வரும்போதுதான். அதற்கு இரண்டு குறியீடு அனுமதித்தால் பாதிச் சண்டை தீரும்.

ஆகவே கேட்கிறோம்.

திறந்த கேள்வியை அடுத்த சுற்றிலேயே, நான்கில் ஒருவருக்காவது, திரும்பச் சேருங்கள். சொன்ன சொற்களைச் சொன்ன மொழியிலேயே சேமித்து வையுங்கள், சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்காதீர்கள். பத்து வருடம் கழித்துச் சொல் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேறு சான்று இருக்காது.

‘இந்தச் சொற்களை வைத்து நான் யோசிப்பதில்லை’ என்ற தேர்வை அட்டையிலேயே அச்சிடுங்கள், வாய்விட்டும் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1972 முதல் இதற்கு இடம் கொடுக்கிறது, சில ஆண்டுகளில் நான்கில் ஒருவருக்கும் மேல் அதைத்தான் தேர்ந்தார்கள். உங்கள் வினாத்தாளில் அவர்கள் எல்லாரும் இப்போது ஐந்துக்குள் கிடக்கிறார்கள். அளவுகோல் 0 முதல் 10 வரையே இருக்கட்டும். பாதிச் சாம்பிளுக்கு அடையாளக் கேள்வி முன்னால், மறுபாதிக்குக் கொள்கைக் கேள்விகளுக்குப் பின்னால் என்று பிரித்து, இரண்டுக்கும் இடையே வரும் வித்தியாசத்தையும் வெளியிடுங்கள்.

மறுமொழிபெயர்ப்பை மட்டும் நம்பி முத்திரை குத்தாதீர்கள். இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்கட்டும், மூன்றாமவர் உட்கார்ந்து தீர்க்கட்டும், பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியை வாசித்து, ‘இதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பார்க்கட்டும். ‘தாராளவாதி’ முதல் மூன்று பேரிடமே மாட்டிக்கொள்ளும்.

ஆசிரியர் குழுக்களுக்கு: ‘வலதுசாரிகள் இத்தனை சதவீதம்’ என்று எழுதாதீர்கள். ‘தங்களை 6 முதல் 10 க்குள் வைத்துக்கொண்டவர்கள் இத்தனை சதவீதம், பதில் சொல்லாதவர்களும் இந்தச் சொற்களை வைத்து யோசிக்காதவர்களும் இத்தனை சதவீதம்’ என்று எழுதுங்கள். தலைப்பு நீளும், நீளட்டும். கேள்வியின் முழு வாசகத்தையும், கேட்ட மொழியிலேயே, செய்தியின் கீழே கொடுங்கள்.

பத்துக் கேள்விக்குப் பதில் வாங்கி ‘நீங்கள் இன்ன வகை’ என்று கடைசியில் பெயர் சூட்டி அனுப்பும் சோதனைகளை உங்கள் பெயரில் நடத்தாதீர்கள். நடத்தியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு விஷயத்திலும் அவர் நின்ற இடத்தைக் காட்டுங்கள், பெயரை விட்டுவிடுங்கள். எங்கள் மூலம் வாங்கிய பதிலிலிருந்து ஊகித்த அரசியல் அடையாளத்தை, பதில் சொன்னவரின் ஒப்புதல் இல்லாமல், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 9ஆம் பிரிவு அரசியல் கருத்தை உடல்நலத் தகவலோடு ஒரே தட்டில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் செல்லாத இடத்திலும் வாசலில் நின்று ‘உங்கள் பதில் ரகசியம்’ என்று சொல்வது நாங்கள்தான்.

வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன், எடுத்த கேள்வியைப் பற்றிய உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வினாத்தாளை மொழிபெயர்ப்பவர்கள், எடுத்துச் செல்பவர்கள், குறியீடு போடுபவர்கள்